அண்ணனோடு படித்த லத்தீன்

லத்தீன் பரீட்சையில் நான் முதல் முறை தோற்றது ஜூன் மாதத்தில். அதே வாரம்தான் அண்ணி போன் செய்தாள். அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன, தஞ்சாவூரில் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள் என்றாள். எந்தச் செய்தி முதலில் வந்தது என்பது இப்போது மறந்துவிட்டது. ஊருக்குப் புறப்படும்போது பெட்டியில் துணிகளை ஒதுக்கிவிட்டு இலக்கணப் புத்தகத்தையும் கவிதைத் தொகுப்பையும் அகராதியையும் திணித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அக்டோபரில் மறுபரீட்சை. அதிலும் தோற்றால் ஆராய்ச்சிப் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

நான் ஜெர்மனியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பல தலைமுறைகளுக்கு முன் எங்கள் காவிரிக் கடைமடைப் பக்கம் வந்து தங்கிய பாதிரிமார்கள் தங்கள் நாட்டுக்கு எழுதிய கடிதங்கள்தான் என் ஆராய்ச்சி. எங்கள் ஊரில் வந்த வெள்ளத்தையும் வாந்திபேதியையும் அறுவடையையும் பற்றி அவர்கள் லத்தீனில் எழுதி வைத்திருந்தார்கள். நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த நான், எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள ரோமாபுரிக்காரர்களின் மொழியைப் படிக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் வைக்கும் பரீட்சையில் கடிதம் வராது. கவிதைதான் வரும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கவிதை ஒன்றிலிருந்து இருபது வரி கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அடிக்கோடிட்ட சொற்கள் என்ன வேற்றுமை, என்ன காலம் என்று கேட்பார்கள்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அப்பா இறந்த வருஷம் அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மதிப்பெண். கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. அப்பா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் உழைத்துக் கடைசியில் வாங்கியது ஒன்றரை ஏக்கர் நிலம். அம்மா ஒருத்தியால் அதைப் பார்க்க முடியாது. "நான் பாத்துக்கறேன், பாப்பா படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அம்மாவும் போன பிறகு எனக்கு இருந்தது அவனும் அண்ணியும்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

நான் வந்து இறங்கிய அன்று அவன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. கைகால் மெலிந்திருந்தன.

"என்ன, இப்பிடி கறுத்துப் போய்ட்ட. அங்க வெயிலே இல்லம்பாங்க?" என்றான் என்னைப் பார்த்து. கறுத்துப் போயிருந்தது அவன்தான்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதுவரை அண்ணிதான் கூடப் போய்க்கொண்டிருந்தாள். குறுவை நடவு நேரம், வயலில் ஆள் வேண்டும். அதனால் நான் போகத் தொடங்கினேன். காலை முதல் பஸ்ஸில் கும்பகோணம், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தஞ்சாவூர். அங்கே ஆஸ்பத்திரி மாடியில் ஒரு நீளமான அறை. எட்டுக் கட்டில்கள், எட்டு இயந்திரங்கள். இடது கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப அனுப்புவார்கள். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. சுவரில் ஒரு டிவி, சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கூட வந்தவர்கள் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரலாம்.

நான் வார்த்தைகளை அட்டைத் துண்டுகளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கம் லத்தீன், மறுபக்கம் ஜெர்மன். அவற்றைப் புரட்டி வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னத்த முணுமுணுக்கற? எனக்கு மந்திரிக்கிறியா?" என்றான் அண்ணன்.

சொன்னேன். ஒரு அட்டையை வலது கையில் வாங்கிப் பார்த்தான். ஆங்கில எழுத்துகள்தானே, கூட்டிப் படித்தான். "அ…கு…வா. அக்வா. தண்ணிதான?"

"எப்படித் தெரியும்?"

"தண்ணி கேன்ல போட்டிருக்கான்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வாரமே, ஜெர்மன் இருந்த பக்கத்தில் தமிழையும் எழுதச் சொன்னான். அவன் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்பான், நான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அட்டை தலைமாட்டுக்குப் போகும். நான்கு மணி நேரத்தின் முடிவில் தலைமாட்டில் இருப்பதையெல்லாம் மறுபடி கேட்பான். "இங்கிலீஷ் மாதிரி இது ஏமாத்தல. எழுதுனபடிதான் படிக்குது" என்று அவனுக்கு அந்த மொழிமேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

வேற்றுமை விஷயத்துக்கு வந்தபோதுதான் எனக்கு ஆச்சரியம். ஜெர்மனியில் என் வகுப்புத் தோழர்கள் பலர் மாதக்கணக்கில் திணறிய இடம் அது. அண்ணன் ஒரே வெள்ளிக்கிழமையில் பிடித்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு "ஐ, ஆல், கு, இன், அது, கண்" என்று பள்ளிக்கூடப் பாட்டை ஒப்பித்தான்.

"கடைசில 'ம்' போட்டா நம்ம 'ஐ' மாதிரியா?"

"பெரும்பாலும்."

"அப்ப இவன் ரெண்டாம் வேற்றுமை. சரி, இது?"

"அதுக்கு ஆல்னும் வரும், இல்னும் வரும், இருந்துன்னும் வரும்."

"ஒரு ஆளு மூணு வேலை பாக்குறானா? பாவம்" என்றான்.

பக்கத்துக் கட்டிலில் முத்துப்பேட்டையிலிருந்து வரும் ஒரு மீனவர். எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "இதப் படிச்சா என்ன வேலை கெடைக்கும் தம்பி?" என்று அண்ணனைக் கேட்டார். "இதப் படிச்சா இதைப் படிக்கலாங்க" என்றான் அண்ணன். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள்.

வாய்க்காலுக்கு லத்தீனில் ஒரு சொல் உண்டு, ரீவுஸ். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவனுக்கு அதிலிருந்தே ஒரு சொல் வந்தது, ரீவாலிஸ். அதுதான் பிறகு ஆங்கிலத்தில் 'ரைவல்' ஆகி எதிராளி என்ற பொருளுக்கு வந்தது. நான் அட்டையில் 'போட்டியாளன்' என்று எழுதியிருந்தேன். அண்ணன் அதை அடிக்கச் சொன்னான்.

"பங்காளின்னு எழுது. ஒரே வாய்க்கா, ஒரே மடை, ஒருத்தன் மொகத்துல ஒருத்தன் முழிக்க மாட்டான். வேற என்னத்த எழுதறது?"

எனக்குத் தெரிந்த எந்த அகராதியிலும் அதைவிடச் சரியான சொல் இல்லை.

ஆகஸ்டில் கவிதைக்குப் போனோம். லத்தீன் கவிதையில் சொற்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அடைமொழி முதல் வரியில் இருக்கும், அது எந்தச் சொல்லைச் சேர்ந்ததோ அது இரண்டு வரி தள்ளிக் கிடக்கும். உருபைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். அண்ணன் பென்சிலை வாங்கி வலது கையால் வளைவுக் கோடுகள் போட்டு ஜோடி சேர்ப்பான். புத்தகத்தின் ஓரங்கள் முழுக்கக் கோடுகள்.

ஒரு பயிற்சிப் பாடலில் ஆற்றங்கரையில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடையவன் கப்பலேறிப் போய்விட்டான். வரியில் 'மானெட்' என்ற வினை. தங்குகிறாள், இருந்துவிடுகிறாள் என்று பொருள். நான் "கரையில் தங்கியிருக்கிறாள்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

"நில்லு" என்றான் அண்ணன். "இந்தச் சொல்ல விட்டுட்ட. இங்க ரெண்டாம் வேற்றுமை நிக்குதே. 'அவனை'ன்னு. தங்கறதுக்கு 'ஐ' வருமா? அவனைத் தங்குறான்னு யாராவது சொல்வாங்களா?"

எனக்கும் அது உறுத்தியது. உறுத்தியதால்தான் விட்டுவிட்டுப் போனேன். அகராதியை எடுத்துப் பார்த்தேன். நீண்ட பதிவின் அடியில், 'செயப்படுபொருளோடு வந்தால், எதிர்பார்த்திருத்தல்' என்று இருந்தது.

"அதான். அவனை எதிர்பாத்துக்கிட்டு இருக்கா" என்றான். சொல்லிவிட்டுக் களைப்பில் கண்ணை மூடிக்கொண்டான்.

ஜூனில் நான் தோற்றது இந்த மாதிரி தவறுகளால்தான். பொருந்தாத சொல்லைப் பார்க்காத மாதிரி தாண்டிவிடுவேன். அவன் தாண்டமாட்டான். இரண்டு மாதத்தில், ஊசி குத்திய கையோடு, காய்ச்சலும் வாந்தியுமாக இருந்தவன் என்னைவிட நன்றாக வாக்கியத்தைப் பிரித்தான். அன்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அவன் தூங்கும் முகத்தைப் பார்த்தபோது, அவன் படித்திருக்க வேண்டிய படிப்பை நான் அரைகுறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. பெருமையாகவும் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணன் வயதுடைய பெண்மணி, நிதானமாகப் பேசுவார்.

"உங்க பிளட் குரூப் என்னம்மா?"

சொன்னேன். அண்ணனுக்கும் அதேதான்.

"அவங்க மனைவிக்கு சுகர் இருக்கு, அவங்ககிட்ட எடுக்க முடியாது. நீங்க சம்மதிச்சா உங்களுக்கு டெஸ்ட் ஆரம்பிக்கலாம். நிறைய டெஸ்ட், பேப்பர் வேலை, அனுமதி எல்லாம் இருக்கு. பல மாசம் ஆகும். அதனாலதான் முன்னாடியே கேக்கறேன்."

"அக்டோபர்ல எனக்கு ஒரு பரீட்சை இருக்கு டாக்டர்" என்றேன். "அதை முடிச்சுட்டு டிசம்பர்ல வந்து ஆரம்பிக்கலாமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. கட்டாயம் ஒன்னும் கிடையாது. எனக்கு விருப்பமில்லைன்னு சொல்றதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு."

பரீட்சை இருந்தது உண்மை. ஆனால் முதல் கட்ட ரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலை நேரம் போதும். அதற்கும் பரீட்சைக்கும் சம்பந்தமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பொருந்திவிட்டால் பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியாதே என்ற பயம் அதைவிடப் பெரியது. அந்தப் பயத்துக்கு லத்தீன் நல்ல மறைவாக இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாத காரணம்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னலில் தலை சாய்த்திருந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. அய்யம்பேட்டை தாண்டியதும் அவனாகவே சொன்னான்.

"நீ பரீட்சைய முடி. மெஷின் எங்கயும் ஓடிப் போகல."

"டிசம்பர்ல வந்து செஞ்சுக்கறேண்ணே. கண்டிப்பா."

"சரி சரி. சன்னல மூடு, தூசி வருது."

அடுத்த செவ்வாய்க்கிழமை உடல் உறுப்புகளின் பெயர்கள். கை, கண், தோள், நெஞ்சு என்று கேட்டுக்கொண்டே வந்தவன் சும்மா ஒரு வார்த்தையைக் கேட்பதுபோல, "கிட்னிக்கு என்ன?" என்றான்.

என்னிடம் அந்த அட்டை இல்லை. அகராதியைப் பார்த்தேன். 'ரேனெஸ்' என்று பன்மையில் போட்டிருந்தது. ஒருமையில் வருவது அபூர்வம் என்றும் போட்டிருந்தது. அதைப் படித்துச் சொன்னேன்.

"ஒன்னு மட்டும்னு சொல்லவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க போல."

"அவங்கள்ட்ட யாரும் ஒன்னு மட்டும் கேட்டிருக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தான். முத்துப்பேட்டைக்காரரும் புரியாமலே கூடச் சிரித்தார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். சிரிப்பு நின்றதும் அண்ணன் என் கையைத் தட்டி, "அடுத்ததச் சொல்லு பாப்பா. தெரியாத்தனமாச் சொல்லிட்டேன்" என்றான். எனக்குச் சொல்ல வரவில்லை. அன்று மீதி நேரம் இருவரும் சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் கடைசியில் கிளம்பினேன். அண்ணி முறுக்கு சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். டாக்டர் கேட்ட பிறகு அவள் ஒருமுறைகூட டெஸ்ட்டைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். நான் கோழையாக இருந்ததற்கு அவள் ஏன் வாய் திறந்து கேட்க வேண்டும் என்றும் நினைத்திருக்கிறேன்.

பரீட்சை ஒரு புதன்கிழமை. மூன்று மணி நேரம். கடலில் போனவனைப் பற்றியோ காதலைப் பற்றியோ இல்லை, தேனீக் கூட்டம் ஒன்றைப் பற்றிய வரிகள் வந்தன. பொருந்தாத சொல் வரும்போதெல்லாம் நின்றேன். பென்சிலால் வளைவுக் கோடு போட்டேன். மேற்பார்வைக்கு இருந்தவர் நான் படம் வரைகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு முறை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நவம்பர் முதல் வாரத்தில் முடிவு வந்தது. தேறிவிட்டேன். அது ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணன் தஞ்சாவூரில் கட்டிலில் இருக்கும் நேரம். வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "என்ன பாட்டு வந்துச்சு? படி" என்றான். வினாத்தாளை வைத்துப் படித்தேன். மூன்றாம் வரியில் ஒரு சொல்லை நான் எப்படிப் பிரித்தேன் என்று கேட்டான். சொன்னேன். "எனக்கென்னமோ அது நாலாம் வேற்றுமைன்னு படுது" என்றான். இரண்டு பேரும் கொஞ்சம் சண்டை போட்டோம். அவன் சொன்னதுதான் சரி. அந்த ஒரு இடத்தில் எனக்கு மதிப்பெண் போயிருந்தது. டிசம்பர் பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், வந்ததும் நேராக டாக்டரிடம் போகிறேன் என்றேன். "வா, பாத்துக்கலாம்" என்றான்.

நவம்பர் கடைசியில் டெல்டாவில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. நட்டு ஒரு மாதம் ஆன சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ரோட்டில் தண்ணீர் ஓடியதால் பஸ் வரவில்லை. அண்ணி ஆட்டோவுக்கும் காருக்கும் அலைந்தாள், யாரும் வரத் துணியவில்லை. செவ்வாய்க்குப் போய்க்கொள்ளலாம் என்றான் அண்ணன். சனியும் ஞாயிறும் வடிகால் வாயைத் திறந்துவிடக் குடையோடு வயலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். அண்ணி திட்டியதற்கு, "நின்னு பாத்துட்டு வரேன், மண்ணா வெட்டுறேன்?" என்றானாம். திங்கட்கிழமை காலை பல் தேய்க்க எழுந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

நான் நூலகத்தில் இருந்தேன். அண்ணியின் பெயர் போனில் வந்ததும் வெளியே ஓடி வந்து எடுத்தேன். "உங்கண்ணன் போய்ட்டாரு பாப்பா" என்றாள். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

எனக்காக ஒன்றரை நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளத்தில் தெருவே முழங்கால் தண்ணீரில் நின்றது. சுடுகாட்டுப் பாதையில் தண்ணீர் வடிய இன்னும் அரை நாள் காத்திருந்தோம். கண்ணாடிக்கு உள்ளே அவன் முகத்தில் வீக்கம் வடிந்து, பள்ளிக்கூடத்தில் படித்தபோது இருந்த மாதிரி இருந்தது.

காரியம் முடிந்த பிறகு தஞ்சாவூருக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. திட்டு வாங்கத்தான் போனேனோ என்னவோ. அவர் திட்டவில்லை. "ஆகஸ்ட்லயே டெஸ்ட் ஆரம்பிச்சிருந்தாலும் நவம்பருக்குள்ள ஆபரேஷன் நடந்திருக்காதும்மா" என்றார். "ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல இடைவெளி நீண்டா இப்படி ஆகறது உண்டு." அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். அது என் மனசை ஆற்றவில்லை. ஆபரேஷன் நடந்திருக்காது. ஆனால் தங்கை ஒத்துக்கொண்டாள் என்ற நினைப்போடு அவன் அந்த மூன்று மாதத்தைக் கழித்திருப்பான்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சைன்னு சொன்னது சாக்குதான் அண்ணி. பயந்துட்டேன்."

"தெரியும்" என்றாள். கை நிற்கவில்லை. "அவருக்கும் தெரியும். நீ ஊர்ல இருந்தப்பவே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு, உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னு. பாப்பா பயப்படுது, தானா வந்தா வரட்டும்னாரு."

"உங்களுக்கு எம்மேல கோவம் இல்லையா?"

முறத்தைக் கீழே வைத்தாள். "இருக்கு" என்றாள். "இருக்காதா? நான் என்ன கல்லா? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சத்தியம் பண்ணித் தொலைச்சதால முழுங்கினேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும். அதுக்காக நீ சாப்புடாம கெடக்காத. வா, சோறு போடுறேன்."

சாப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். நான் அழுதபோது தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் விடுப்பு வாங்கிக்கொண்டு தை வரை இருந்தேன். பாதிப் பயிர் அழுகிப் போயிருந்தது. மீதியை இருவரும் காப்பாற்றி அறுத்தோம். நிலத்தில் என் பங்கையும் அண்ணி பேருக்கே எழுதிக் கொடுக்க நன்னிலம் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். கையெழுத்துப் போடும்போது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து இரண்டு பேரும் டீ குடித்தோம்.

ஆராய்ச்சியை முடித்துவிட்டேன். அந்தப் பாதிரிமார்களின் கடிதங்களைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இப்போது இருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இல்லை. அண்ணி ஞாயிறுதோறும் பேசுகிறாள். மழை, நாற்று, உரம் தட்டுப்பாடு, தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்று பேசுவாள். டெஸ்ட்டைப் பற்றிய பேச்சை மட்டும் நாங்கள் மறுபடி எடுத்ததில்லை. போன ஞாயிறு, "அடுத்த வருஷமாவது நடவுக்கு வர்றியா? ஆள் கெடைக்கவே மாட்டேங்குது" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். போனை வைப்பதற்கு முன்பே டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.